மடியும் மணிக்கட்டும்

உடம்பில் கட்டிக்கொண்டு உடம்பை அளக்கும் சாதனம் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்திருக்கிறது: கறுப்பு அரைஞாண் கயிறு. இறுகினால் குழந்தை தேறுகிறது, தளர்ந்தால் இளைக்கிறது. குளிப்பாட்டும்போது பாட்டி விரலை நுழைத்துப் பார்த்து, அன்றைக்கே மருமகளிடம் விளக்கம் கேட்பாள்.

மணிக்கட்டுக்கு முதலில் வந்தது அப்பாவின் எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தார்கள்; எழுபதுகளில் மாப்பிள்ளை என்றால் கையில் அது இருக்க வேண்டும். அப்பாவுக்கும் மாமனார் வீட்டுச் சீர்தான். குளித்து, திருமண் இட்டு, சாவி கொடுத்து, திருச்சி வானொலி மணி சொல்லும்போது முள்ளைச் சரிபார்த்துக்கொள்வார். பிறகு ஸ்ரீரங்கத்தில் ரயிலேறி, டவுன் ஸ்டேஷன் தாண்டி, பொன்மலையில் இறங்குவார். அங்கே எச்.எம்.டி.க்கு மரியாதை கிடையாது. 1928இல் தொடங்கிய அந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதினால் ஊதியதுதான். தாமதமாக வந்தவரின் வாட்ச் என்ன காட்டியது என்று எவரும் கேட்டதில்லை.

எச்.எம்.டி.யின் உண்மையான உபயோகம் ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில்தான். “மணி என்ன சுவாமி?” என்று யாராவது கேட்க வேண்டும். அப்பா சட்டைக் கையை நிதானமாக ஏற்றி, சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, நிமிஷ சுத்தமாகச் சொல்வார். சில பேர் இரண்டு தரம் கேட்பார்கள். அவர்களை அப்பாவுக்கு மிகவும் பிடிக்கும்.

இப்போது அதே வீதியில் யாரும் யாரையும் மணி கேட்பதில்லை. மணிக்கட்டுதான் நம்மைக் கேட்கிறது: ஏன் உட்கார்ந்திருக்கிறாய், ஏன் தூங்கவில்லை. என் ஸ்மார்ட் வாட்ச் நடுவில் மூச்சு விடச் சொல்லியும் ஞாபகப்படுத்துகிறது. (இதற்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.) விடியற்காலையில் வீதிவலம் வருபவர்களில் பாதிப்பேர் கையில் பச்சை வெளிச்சம். மூன்று பிரதட்சிணம் என்று சங்கல்பம் செய்துகொண்டு வந்த மாமி, நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற கணக்கு கடிகாரத்தில் நிறையவில்லை என்று பார்த்துவிட்டு வெள்ளைக் கோபுரம் வரை இன்னொரு நடை போகிறார். அந்த அரைப் பிரதட்சிணம் ரங்கநாதர் கணக்கிலா, கம்பெனி கணக்கிலா, தெரியவில்லை.

கணக்கும் அப்படியொன்றும் நேர்மையானது இல்லை. கருவிக்குத் தெரிவது கையின் அசைவு. பஜனையில் உட்கார்ந்த இடத்தில் தாளம் போட்டால் நடந்ததாக எழுதிக்கொள்கிறது. காந்தி மார்க்கெட்டில் காய்ப்பையை அந்தக் கையில் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்தால் பாதியை விழுங்கிவிடுகிறது.

அந்தப் பத்தாயிரமும் டாக்டர் எழுதிக் கொடுத்ததல்ல. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, 1965இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. பத்தாயிரம் என்பது அதன் பெயரிலேயே இருந்தது. 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர், சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு, 2,700 அடி நடந்தவர்களைவிடக் கணிசமாகக் குறைவு. 7,500க்கு மேல் போனால் கூடுதல் பலன் தென்படவில்லை. அந்த மாமியிடம் இதைச் சொன்னேன். “ஹார்வர்டுக்கு நம்ம தெரு தெரியுமா?” என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அதற்காக எல்லாமே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் உறிஞ்சும் அளவு ஏறி இறங்கும். அதை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறார்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் சில கடிகாரங்கள் எச்சரிக்கும். ஆப்பிள் கடிகாரம் 2018 முதல் ஈசிஜியும் எடுக்கிறது, ஆள் கீழே விழுந்தால் தகவலும் அனுப்புகிறது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இது பெரிய விஷயம்.

நியூஜெர்சியில் இருக்கும் தம்பி, பெரியம்மாவின் மகன், இதற்காகவே அவளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். ஒரு நாள் காலை போன்: “அக்கா, அம்மாவோட ஹார்ட் பீட் வரலை. போனும் எடுக்கலை.” மூன்று வீடு தாண்டி ஓடினேன். சமையலறையில் ஈரம் சொட்டச் சொட்ட, பெரியம்மா தளிகை பண்ணிக்கொண்டிருந்தாள்.

“எட்டி நில்லுடி, மடியா இருக்கேன்.”

“வாட்ச் எங்கே பெரியம்மா?”

“ரப்பர் பட்டையைக் கட்டிண்டு பெருமாளுக்குத் தளிகை பண்ணுவாளா? ஜன்னல்ல இருக்கு.”

குளிக்கும்போது கழற்றிவிடுகிறாள், தளிகை முடியும்வரை மடி ஆசாரம். ராத்திரி சார்ஜ். ஆக, வழுக்கும் கிணற்றடி, எண்ணெய் சிந்திய சமையலறை, இருட்டில் எழுந்து போகும் வேளை எல்லாவற்றுக்கும் விடுமுறை. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பூரண பாதுகாப்பு.

“வேஸ்ட்டாக்கா?” என்று தம்பி கேட்டான். வெளியே போக வர இருக்கட்டும், அதற்கு முன்னால் பாத்ரூமில் கைப்பிடி போடப் பணம் அனுப்பு என்றேன். அனுப்பினான். கொத்தனார் வந்து இரண்டு கைப்பிடி பொருத்திவிட்டுப் போனார். மடிக்கு இரும்பு ஆகும் என்று பெரியம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கடிகாரத்தையும் இப்போது சாயங்காலங்களில் கட்டிக்கொள்கிறாள். போன வாரம் தாயார் சந்நிதிக்குப் போய்த் திரும்பியவள் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“மூவாயிரத்துச் சொச்சம் காட்டறது பாரு. எதிராத்துக்காரிக்கு எத்தனைன்னு நைசா கேட்டுண்டு வா.”