ஆகாயத்தில் ஆனா ஆவன்னா

கீரனூர் வாசகர்: உலகப் போர் சமயத்தில் நம் புதுக்கோட்டைச் சீமையில் விமானப் பள்ளி நடந்ததாமே?

பள்ளி நடந்தது இங்கே இல்லை. இந்திய விமானப்படைப் பையன்களுக்கு ஆகாயத்தில் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த இடங்கள் ஹைதராபாத்தின் பேகம்பேட்டும் ஜோத்பூரும். நமக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டில் அந்தக் காலத்து ஓடுதளம் உண்டு. ஆனால் அது போருக்காகப் போட்டது, பாடத்துக்கு அல்ல.

திருமயம் வாசகர்: ஹைதராபாத், ஜோத்பூர் இரண்டுமே சமஸ்தானங்கள். நம்முடையதும் சமஸ்தானம்தானே? நமக்கு ஏன் வரவில்லை?

அங்கே போருக்கு முன்பே பறக்கும் கிளப் வைத்திருந்தார்கள். திடலும் கொட்டகையும் தயார். ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் தாமே விமானம் ஓட்டுகிறவர். நம் மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் 1922இல் பிறந்தவர். 1939இல் போர் மூண்டபோது அவருக்கே கேடட் வயதுதான்!

அறந்தாங்கி வாசகர்: அந்தப் பள்ளிகளில், சண்டைக்குப் போகிறவனுக்கு எதற்கு டைகர் மாத் என்கிற துணி இறக்கை விமானம்?

நல்ல கேள்வி. 130 குதிரைசக்தி என்ஜின், பிரேக் கிடையாது, விசிறியைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். இருந்தும் பயிற்சிக்கு அதைவிடப் பொருத்தமான விமானம் அன்று இல்லை என்பேன். யாரும் பறக்க வைத்துவிடலாம். பிசகில்லாமல் பறக்க வைப்பதுதான் பாடு. மேலே மூடியில்லாத இருக்கை. கைக்கும் காலுக்கும் ஒத்துப்போகாமல் திருப்பினால் காற்று பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறையும். வாத்தியார் கையை ஓங்கவே வேண்டாம்!

ஆலங்குடி வாசகர்: அந்த இரைச்சலில் வாத்தியார் திட்டுவது கேட்குமா?

தெளிவாகக் கேட்கும். அவர் வாயிலிருந்து மாணவன் காதுக்கு ஒரு குழாய் போகும். முன்னால் வாத்தியார், பின்னால் மாணவன். சில மணி நேரம் சேர்ந்து பறந்த பின் ஒருநாள் அவர் இறங்கிக்கொண்டு, தனியாக ஒரு சுற்றுப் போய்வரச் சொல்வார். முன் இருக்கை காலி. திட்ட ஆளில்லை, காப்பாற்றவும் ஆளில்லை. இதில் தேறினால் அடுத்து அம்பாலா, அங்கே ஹார்வர்டு என்கிற பயிற்சி விமானம். எதிரி விமானத்தை வீழ்த்தியவர் பெயர் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. புல்தரையில் நின்று, பையன் பத்திரமாக இறங்குகிறானா என்று அண்ணாந்து பார்த்திருந்த வாத்தியார்களை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அவர்கள்தான் பெரிய வீரர்கள்.

கந்தர்வகோட்டை வாசகர்: அந்த வாத்தியார்களுக்கு வாத்தியார் எங்கே?

இன்று தாம்பரத்தில். விமானப் பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கியது. 1954இல் தாம்பரம் வந்து அங்கேயே நிலைத்துவிட்டது.

பொன்னமராவதி வாசகி: என் பேத்தி போர் விமானி ஆக வேண்டும் என்கிறாள். சம்மதிக்கலாமா?

சம்மதம் என்ன அம்மா, சர்க்கரைப் பொங்கலே வையுங்கள்! 2016 முதல் நம் விமானப்படையில் பெண்கள் போர் விமானம் ஓட்டுகிறார்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுக்கச் சொல்லுங்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமியின் (என்.டி.ஏ.) தேர்வு இப்போது பெண்களுக்கும் உண்டு.