ஐந்து நட்டும் எட்டு நட்டும்

கேள்வி: அப்பாவின் பழைய மஹிந்திரா சிஜே ஜீப்பைப் புதுப்பிக்கிறேன். திண்டுக்கல் பழைய இரும்புக் கடையில் 'மிலிட்டரி ரிம்' என்று ஒரு செட் காட்டுகிறார்கள். வாங்கலாமா? அலாய் போட்டுவிடலாமா?
- வாசகர், வடமதுரை

பதில்: முதலில் குனிந்து நட்டுகளை எண்ணுங்கள். ஐந்து மட்டும் இருந்தால் சாதாரண ஜீப் ரிம். அவற்றைச் சுற்றி வெளிவட்டத்தில் இன்னும் எட்டு இருந்தால், இரண்டாம் உலகப்போர் வில்லீஸ் வகை. இரண்டு பாதிகளைச் சேர்த்து முடுக்கிய 16 அங்குல ரிம் அது. உள்ளே டயரின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் வளையம் உண்டு. காற்று போனாலும் வண்டி கொஞ்ச தூரம் ஓடும்.

அந்த எட்டு நட்டையும் காற்றை முழுக்க இறக்காமல் கழற்றவே கூடாது. பாதி ரிம் குண்டு போலப் பறந்து வரும். பஞ்சர் கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐந்து ஓட்டை என்பதற்காக எல்லா ரிம்மும் சேராது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே 82 மி.மீ. இருந்தால் ஜீப்புக்குரியது, 67 என்றால் வேறு வண்டியுடையது. வெல்டிங் தடயம், துரு தின்ற விளிம்பு இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அலாய்? அதில் அகல டயர் போட்டால் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைத் திருப்பவே தனியாகச் சாப்பிட வேண்டும். ஒல்லியான 6.00-16 டயர்தான் அப்பாவின் ஜீப்புக்கு அழகு.