மார்ச் மாதத்துப் பிரதிக்ஞை

1966-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தோன்றியதை முன்னிட்டு, ஆண்டுதோறும் அதே தினத்தில் நம் தொழிற்சாலைகளில் நடைபெறும் வைபவத்தை, வேறெதற்காக இல்லாவிட்டாலும் அதன் சிரத்தைக்காகவேனும் மெச்சத்தான் வேண்டும். கொடி ஏறும், சட்டையில் பாட்ஜ் குத்தப்படும், மற்ற நாளெல்லாம் வெறுந்தலையோடு உலவும் மேலதிகாரி, கீறல்படாத புதுத் தலைக்கவசத்தோடு பாதுகாப்புப் பிரதிக்ஞையை வாசிக்க, தொழிலாளர்கள் வலக்கையை நீட்டி அதைத் திருப்பிச் சொல்வார்கள்.

அந்த வலக்கையைப் பற்றித்தான் ஒரு வார்த்தை. பவர் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் வைத்திருப்பது, இரு கைகளும் அவற்றின்மேல் இருந்தாலொழிய அச்சு இறங்கக்கூடாது என்பதற்காக. ஆனால் உருப்படிக் கணக்கு முந்துகிற இடத்தில், ஒரு பொத்தானைத் தீக்குச்சி செருகி நிரந்தரமாக அமுக்கிவிட்டு, அதனால் விடுதலையான கையால் தகட்டைத் தள்ளுவதே கெட்டிக்காரத்தனம் என்று சூப்பர்வைசரே கற்றுக்கொடுக்கிறார். விரல் போய்விட்டாலோ, அவரே எழுதும் அறிக்கையில் அது ‘தொழிலாளியின் அஜாக்கிரதை’ என்று முத்துமுத்தான எழுத்தில் பதிவாகிறது.

போபால் விபத்துக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், அபாயகரமான தொழில் நடக்குமிடங்களில் நிர்வாகத்தாரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டுமென்றது. சமத்துவம் நாற்காலிகளோடு நின்றுவிடுவதும், பேசுகிறவர் ஒரு பக்கமும் கையெழுத்திடுகிறவர் மறு பக்கமுமாகப் பிரிந்துவிடுவதும் (பிஸ்கட் மட்டும் பாரபட்சமின்றி இரு தரப்புக்கும் வரும்) சட்டம் இயற்றியவர்கள் எதிர்பாராதவை. ஒரு குழுவில், தீக்குச்சி விஷயத்தை ஓர் அங்கத்தினர் வாய்திறந்து சொல்லிவிட்டாராம். அடுத்த கூட்டம் நடந்த வாரம் முழுக்க அவருக்கு இரவு ஷிப்ட்.