சர்வ வல்லமையும் ஆள் பற்றாக்குறையும்: ஓர் ஆய்வு

வீடியோ கேம்களில் மானிடர் பேய் பிசாசுகளோடு செய்யும் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுவோர், 'ஆன்மாவை இவன் ஏன் விற்றான்?' என்றே கேட்கின்றனர். வாங்குகிறவனின் கஷ்டத்தை விசாரிப்பார் இல்லை. இக்கட்டுரையின் கருதுகோள் இது: அண்டத்தையே ஆட்டிவைக்கும் அந்த வல்லமைகளிடம் இல்லாத ஒரே பொருள், வேலைக்கு ஆள்.

முதற்சான்று, கனடாவில் உருவாகி 2017-இல் வெளிவந்த 'கப்ஹெட்'. தலைக்குப் பதில் கோப்பை வாய்த்த அண்ணன் தம்பி இருவர், சாத்தானின் சூதாட்ட விடுதியில் தொடர்ந்து ஜெயிக்கிறார்கள். சாத்தானே எழுந்து வந்து, "இன்னும் ஒரு உருட்டு. ஜெயித்தால் விடுதிப் பணம் முழுக்க உனக்கு, தோற்றால் உங்கள் ஆன்மா எனக்கு" என்கிறான். தம்பி தடுக்கிறான், அண்ணன் உருட்டிவிடுகிறான். (தருமருக்கும் தம்பிகள் உண்டு, பயன் இதுவே.)

ஆராயற்பாலது இனிமேல்தான். தோற்றவர் ஆன்மாவை அங்கேயே பறித்திருக்கலாம். சாத்தானோ, ஓடிப்போன கடன்காரர் பட்டியலை நீட்டி, நாளை நள்ளிரவுக்குள் வசூலித்து வரச் சொல்கிறான். நரகத்துக்கு அதிபதி, விடுதியைப் பார்த்துக்கொள்ளப் பகடைத்தலையர் ஒருவர், எல்லாம் உண்டு. வசூலுக்குப் போக மட்டும் நாதியில்லை. பட்டியலிலோ உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட்! உரிப்பவரை அழவைத்தே பழகிய வெங்காயம், வசூல்காரர் சுட்டதும் தானே அழுகிறது. அது எதை அடகு வைத்தது, வாங்கிய காசை என்ன செய்தது என்பவை தனி நூலுக்குரியவை. கடைசியில் பத்திரங்களோடு திரும்பியவர்களைப் பார்த்துச் சாத்தான் கேட்பது, "என்னோடு சேர்ந்துவிடுகிறாயா?" என்றுதான். ஆக, நடந்தது முழுவதும் ஆளெடுப்பு நேர்காணல் எனக் கொள்க.

இரண்டாம் சான்று, போலந்தின் 'விட்சர் 3'-க்கு 2015-இல் வந்த விரிவாக்கம் 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்'. கான்டர் ஓ'டிம் என்னும் கண்ணாடி வியாபாரி காலத்தையே நிறுத்துவார். பேச்சில் குறுக்கிட்ட குடிகாரன் கண்ணில் மரக்கரண்டியைச் சொருகுவார். ஆனால், தன்னிடம் ஆன்மாவை எழுதிக்கொடுத்த ஓல்கியெர்டின் மூன்று ஆசைகளை நிறைவேற்ற, கதாநாயகன் கெரால்டைத்தான் அனுப்புகிறார். செத்துப்போன தம்பிக்கு ஓர் இரவு குதூகலம் வேண்டும் என்பது முதல் ஆசை. கெரால்ட் தன் உடம்பையே ஆவிக்கு இரவல் கொடுத்துக் கல்யாண வீட்டில் ஆட வேண்டியதாகிறது.

மறுப்பு ஒன்று எழலாம்: இன்னொருவர் மூலமாகவே நிறைவேற்ற வேண்டும் என்பது பத்திரத்திலேயே உள்ள ஷரத்து அல்லவா? ஆம். கடன்காரன் தப்பிக்கப் போட்ட ஷரத்து அது. எதிராளிக்கு ஆள் கிடைக்காது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது! நிலவின் மேல் நின்றால்தான் ஆன்மா செல்லும் என்பது இன்னொரு ஷரத்து. ஒரு கோயில் தரையில் நிலவு வரைந்திருக்க, அது முறிந்தது. இத்தந்திரத்துக்கு மூலம் ஒரு போலந்துக் கதை. ரோமில்தான் ஆன்மாவைத் தருவேன் என்று பிசாசுக்கு எழுதிக்கொடுத்த த்வர்தோவ்ஸ்கி, 'ரோம்' என்று பெயரிட்ட சத்திரத்தில் மாட்டிக்கொள்கிறார்.

'பால்டர்ஸ் கேட் 3'-இன் பிசாசு ரஃபேல், விருந்து மேசை காட்டி மயக்கினாலும் கேட்பது ஒரு கிரீடத்தைக் கொண்டுவந்து தரச்சொல்லித்தான். விரிப்பின் பெருகும்.

'ஸ்கைரிம்' தரும் சான்று மட்டும் மனத்தை உருக்குவது. பேரம் பேசுவதே தொழிலான க்ளாவிகஸ் வைலுக்கு ஒரு கோடரி வேண்டும். எடுத்துவர வழிப்போக்கனைக் கேட்கிறார். அவரிடம் இருந்த ஒரே துணை, பார்பஸ் என்ற பேசும் நாய். அதையும் சண்டை போட்டுத் துரத்திவிட்டார். சமாதானம் பேச ஆள் தேடித் தெருவில் அலைவதும் அந்த நாய்தான்.