வேளச்சேரியில் நொச்சித்திணை: வாடகைப் படுக்கையறைக் காவல் குறித்து ஓர் ஆய்வு

நிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, மதிலை வளைப்பது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி என்று ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் பகுத்துவைத்தார். வேந்தர்களோடு இத்திணைகளும் போய்விட்டன என்பது புலவருலகின் பொதுக்கருத்து. அவர்களில் யாரும் வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பேச்சிலர்களோடு குடியிருந்ததில்லை என்று தெரிகிறது. ஆநிரைக்குப் பதில் சார்ஜர், ஷாம்பு, துண்டு. மற்றபடி இலக்கணம் அப்படியே நிற்கிறது.

வெட்சிக்குத் தொல்காப்பியர் சொன்ன துறைகள் 14. ஊரிலிருந்து வந்தவன் பையில் முறுக்கு டப்பா இருக்கிறதா என்று கண்ணாலேயே துழாவுவது வேய், அதாவது ஒற்று. அவன் குளிக்கப் போனதும் டப்பா ஹாலுக்குப் போய்ச் சேர்வது ஆகோள். ஆளுக்கு நாலாகப் பங்கிடுவது பாதீடு. உண்டாட்டைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. கடைசித் துறை கொடை: குளித்துவிட்டு வந்தவனிடமே ஒரு முறுக்கை நீட்டி, "எடுத்துக்கோ மச்சி" என்று உபசரிப்பது.

இங்கேதான் பூட்டுச் சாத்திரம் இடறுகிறது. பூட்டு வெளியாளை எண்ணிச் செய்யப்பட்டது. திருடன் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். ரூம்மேட் எங்கும் ஓடுவதில்லை. உங்கள் துண்டைக் கட்டிக்கொண்டு உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, ராத்திரிக்கு என்ன டிபன் என்று கேட்பான்.

ஜோசப் பிராமா 1784-இல் காப்புரிமை பெற்ற பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று லண்டனில் கடைக் கண்ணாடியில் அறிவித்திருந்தார்கள். 1851 பெருங்கண்காட்சியின்போது வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், பல நாள்களாகப் பிரித்து, மொத்தம் 50 மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டி அதைத் திறந்தார். நம் ஆய்வுக்களத்தில் யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது, தேவையும் இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கொண்டியில் கம்பீரமாகத் தொங்கும். அந்தக் கொண்டியைக் கதவோடு பிடித்துவைத்திருப்பதோ நாலு சின்ன ஸ்க்ரூ. ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பவன் பூட்டைத் தொடவே வேண்டாம். கொண்டியோடு கழற்றிவிட்டு, வந்த வேலை முடிந்ததும் பழையபடி முடுக்கிவிட்டுப் போவான். கதவைத் துளைத்து போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டை இறுக்கினால் இது நடக்காது. ஆனால் அந்தத் துளைக்கு ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். உழிஞையாரிடமிருந்து மதிலைக் காத்து, மதிலின் சொந்தக்காரரிடம் தோற்பது எந்தப் புலவரும் பாடாத துறை.

சாவியை ஒளிக்க நிலைக்கு மேல், ஷூவுக்குள், மீட்டர் பெட்டிக்குள் என்று மூன்று இடங்கள் உண்டு. நான்காவதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சாவியே வேண்டாமென்று நம்பர் பூட்டுக்கு மாறுவோர் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்று இலக்கம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். எண்ணுக்கு 2 நொடி வைத்தால் 33 நிமிடம் சொச்சம். மழையால் மேட்ச் நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இத்தனையும் கதவைப் பற்றித்தான். திறந்த ஜன்னலும் ஒட்டடைக் குச்சியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆகவே, தடுப்பதைவிடத் தெரிந்துகொள்வதே மேல் என்பது இக்கட்டுரையின் கோட்பாடு. இதற்கு மூலவர் ஜெரமையா சப். 1818-இல் அவர் காப்புரிமை பெற்ற பூட்டில் யாராவது கைவரிசை காட்டி, உள்ளிருக்கும் நெம்புகோல் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால் அது அங்கேயே சிக்கிக்கொள்ளும். அடுத்து வந்து சாவி போடும் உரிமையாளருக்கு விஷயம் தெரிந்துவிடும். இதன் வேளச்சேரி வடிவங்கள்: வாசற்படியில் தூவிய பவுடர், கதவிடுக்கில் செருகிய தலைமுடி, ஷாம்பு பாட்டிலில் போட்ட மார்க்கர் கோடு. பவுடரை வீட்டு வேலை செய்யும் அக்கா காலையிலேயே பெருக்கிவிடுகிறார். தலைமுடி ஃபேன் காற்றுக்குத் தாங்குவதில்லை. கோடு மட்டும் பலித்தது. ஷாம்பு அதைவிட்டுக் கீழே இறங்கவேயில்லை. நுரை வருவதுதான் நாளடைவில் நின்றுபோனது. தண்ணீர் லாரிக்குக் கொடுத்த காசு இப்படியும் பயன்படுகிறது.

தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வது? கரந்தை. அவன் இல்லாத நேரம் பார்த்து அவன் அறைக்குள் நுழைந்து, நம் சார்ஜரை மீட்டுவரலாம். மீட்டுவந்தது மூன்றாமவனுடைய சார்ஜராக இருந்தால் நாமும் வெட்சி மறவரே. தொல்காப்பியர் கரந்தையைத் தனித்திணை ஆக்காமல் வெட்சிக்குள்ளேயே அடக்கிவிட்டதற்கு உரையாசிரியர்கள் வேறு காரணங்கள் சொல்வார்கள். எனக்கு இதுவே போதும்.

ஓர் எச்சரிக்கை பாக்கி. வெளிப்பக்கம் கொண்டி வைத்த அறைக்குள் நீங்கள் படுத்திருக்கும்போது, பூட்டு வாய் திறந்தபடி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். ஹாலில் போகிற எவனும் கொண்டியை மாட்டி, பூட்டை ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போகலாம், அதுவும் நல்லெண்ணத்தோடு: "நீ ஊருக்குப் போயிட்டேன்னு நினைச்சேன் மச்சி." அதனால் உள்ளே வரும்போது பூட்டையும் கையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்துக்கொள்வது நொச்சியார்க்கு விதி. மேசையிலிருந்த பூட்டையே ஒருவன் எடுத்துப் போனால் அதை ஆகோளில் சேர்ப்பதா, உழிஞையில் சேர்ப்பதா என்பதில் எங்கள் வீட்டு அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பூட்டு இப்போது பக்கத்து அறைக் கதவில் தொங்குகிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. இன்னொரு சாவி அவனிடம் இருக்கிறது.