சீதக்காதி கொடுத்தார், ஜெரால்டு கொண்டுபோனார்

யாரையும் நம்பத் தேவையில்லாத பணம். பிட்காயினைக் கண்டுபிடித்த சத்தோஷி நகமோட்டோவின் கொள்கை இதுதான். ஆனால் 2009-இல் மனிதர் கொடுத்த முதல் வாலட்டில் பூட்டே கிடையாது! கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல். அதைக் காப்பி அடித்தவன் கையில் காசு. பாஸ்வேர்டு போடும் வசதி வந்தது 2011 செப்டம்பரில். அதுவரை திருடன் உள்ளே வந்துவிடுவானோ என்று பயம். அதற்கப்புறம் சொந்தக்காரனே வெளியே நிற்க வேண்டியதாகிவிட்டது.

ஸ்டெஃபான் தாமஸைப் பாருங்கள். புரோகிராமர், புத்திசாலி. பிட்காயின் என்றால் என்ன என்று ஊருக்கு விளக்க 2011-இல் ஒரு அனிமேஷன் வீடியோ செய்தார். கூலி 7,002 பிட்காயின். அந்தக் காசின் சாவியை அயர்ன்கீ என்ற பென்டிரைவுக்குள் பூட்டினார், பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதினார், சீட்டைத் தொலைத்தார். பத்து தடவை தப்பாகப் போட்டால் அந்தப் பென்டிரைவ் யாருக்கும் திறக்காது. 2021 ஜனவரியில் கதை வெளியே வந்தபோது எட்டு தடவை ஆகியிருந்தது. உள்ளே சுமார் 22 கோடி டாலர். உலகத்துக்கே பாடம் எடுத்த வாத்தியார் சார் இவர்!

பேங்க் என்றால் கவுண்டரில் போய் நின்று கத்தலாம். ஆதாரைக் காட்டலாம். மேனேஜர் முன்னால் கண் கலங்கலாம். பிட்காயினில் மேனேஜரே இல்லை. அதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்றார்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று கனடாவில் பல்லாயிரம் பேர் ஒரு முடிவெடுத்தார்கள். சாவியை நாம் வைத்திருந்தால்தானே தொலையும்? விவரம் தெரிந்த ஒரு பையனிடம் கொடுத்துவிடுவோம். பையன் பெயர் ஜெரால்டு காட்டன். 2013-இல் வான்கூவரில் தொடங்கிய குவாட்ரிகாசிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையின் நிறுவனர்களில் ஒருவர். யாரையும் நம்பத் தேவையில்லாத பணத்தை ஒரே ஒரு ஆளை நம்பிக் கொடுத்தார்கள்.

2018-இல் புதுமனைவியோடு இந்தியாவுக்குத் தேனிலவு வந்த காட்டன், டிசம்பர் 9 அன்று ஜெய்ப்பூரில் குடல் நோய் முற்றி இறந்துபோனார். வயது 30. சாவை வைத்துச் சிரிக்கக் கூடாது. உயிலை வைத்துச் சிரிக்கலாம். இறப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் கையெழுத்துப் போட்ட உயில் அது. தன் இரண்டு சிவாவா நாய்களுக்கு ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தார். பாஸ்வேர்டு பற்றி ஒரு வரி இல்லை. வீடு முழுக்கத் தேடியும் எழுதி வைத்த சீட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று மனைவி நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்.

இதே கேள்விக்குக் கீழக்கரைக்காரர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்பே பதில் வைத்திருந்தார்கள்: வாலட்காரர் மண்டையைப் போட்டால் என்ன ஆகும்? கிழவன் சேதுபதி காலத்துக் கடல் வணிகர் ஷெய்கு அப்துல் காதிர், ஊருக்குப் பெரியதம்பி மரைக்காயர், நமக்குச் சீதக்காதி. பரிசு வாங்க வந்த படிக்காசுப் புலவர், வள்ளல் அடக்கமாகிவிட்டார் என்று கேட்டுச் சமாதியில் போய் அழ, மண்ணுக்குள்ளிருந்து மோதிரக் கை நீண்டதாம். கேஒய்சி இல்லை, ஓடிபி இல்லை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி! அதே பெயரில் விஜய் சேதுபதி படம் வந்தது 2018 டிசம்பர் 20-இல். காட்டன் இறந்து பதினோராவது நாள். டைமிங் என்றால் இது.

கை நீண்ட சமாச்சாரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, கீழக்கரைக்காரர்கள் கோபிக்கக் கூடாது. மரைக்காயர் வள்ளல்தான், ஆனால் வள்ளலாவதற்கு முன் வியாபாரி. டச்சுக் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டியவர். அப்படிப்பட்டவர் கஜானாச் சாவியைத் தன் ஒரு மண்டைக்குள் மட்டும் வைத்திருப்பாரா? கப்பலுக்கு ஒரு ஆள், கணக்குக்கு ஒரு ஆள், புலவர் வந்தால் கவனிக்க ஒரு ஆள். நீண்டது ஏதோ ஒரு கணக்கப்பிள்ளையின் கையாக இருக்கும் என்பது என் ஊகம். பெயர் மட்டும் முதலாளிக்குப் போயிருக்கும், வழக்கம்போல.

கனடாவில் கை எதுவும் நீளவில்லை. தணிக்கைக்காரர்கள் வாலட்டுகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தால், அநேகமாக எல்லாமே 2018 ஏப்ரலிலிருந்தே காலி! பாஸ்வேர்டு கிடைத்திருந்தாலும் வெறும் டப்பாவைத்தான் திறந்திருப்பார்கள். பொய்ப் பெயர்களில் கணக்கு தொடங்கி, இல்லாத காசை இருப்பதாக எழுதி, வாடிக்கையாளர் பணத்தில் காட்டன் சூதாட்டம் மாதிரி வர்த்தகம் செய்து தோற்றார் என்று 2020 ஜூனில் ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் அறிக்கை விட்டது. உலகமே உச்சுக்கொட்டிய அந்தத் தொலைந்த பாஸ்வேர்டு, உண்மையில் ஒரு நல்ல திரைச்சீலை.

ஏமாந்தவர்களின் வக்கீல்கள் 2019 டிசம்பரில் போலீசுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: புதைத்த உடலைத் தோண்டி எடுங்கள், உள்ளே இருப்பது அவர்தானா என்று பாருங்கள். கொடுத்தவர் சமாதிக்குப் புலவர் அழப் போனார். கொடுக்காதவர் சமாதிக்கு ஜனங்கள் மண்வெட்டி கேட்டார்கள்.

கடைசியில் 2023-இல் பணம் போட்டவர்களுக்குக் கிடைத்தது நூற்றுக்குப் பதின்மூன்று. அதுவும் 2019 ஏப்ரல் விலைக்குப் போட்ட கணக்கு. நாய்களுக்கு எழுதியதுதான் முழு லட்சம்.