கார்னிவல் கணக்கு

எங்கள் ஊர்ச் சங்கத்தின் சூம் கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. அதில் முதல் ஒன்றேகால் மணித்தியாலம், நோட்டீசில் 'களியாட்ட விழா' என்று போடுவதா, 'கார்னிவல்' என்று போடுவதா என்பதிலேயே போயிற்று. நான் மைக்கை அடைத்துவிட்டு ஸ்காபரோ வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அவசரமில்லை. இதே வழக்கை 1975இல் எங்கள் ஊர் வாசிகசாலை வேப்பமரத்தடியில் இரண்டு இரவு இருந்து கேட்டவன் நான்.

அன்றைக்கு எதிர்த்து நின்றவர் எங்கள் பண்டிதர். கள்ளுக் குடித்துக் களித்து ஆடுகிறதுக்குத்தான் களியாட்டு என்று பெயர், அதை ஒரு சனசமூக நிலையம் விழாவாக எடுக்கலாமோ என்றார். கோயில் தர்மகர்த்தா தலையாட்டினார். செயலாளர் அண்ணை அதுவரை பேசாமல் இருந்துவிட்டுத் துரும்பை இறக்கினார்.

"யாழ்ப்பாண லைபிரறியே கார்னிவல் காசிலை எழும்பினதுதானே, ஐயா?"

முழு உண்மை இல்லை, பொய்யும் இல்லை. சாம் சபாபதி மேயராக இருந்த ஐம்பதுகளில் நூலக நிதிக்காகக் களியாட்ட விழாவும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நடத்தினார்கள். 1954இல் அடிக்கல், 1959இல் திறப்பு. வேறு வழிகளிலும் உதவி வந்தது. அதையெல்லாம் செயலாளர் சொல்லவில்லை. பண்டிதரோ மாதம் இரண்டு தரம் பஸ் ஏறி அந்த நூலகத்துக்குப் போகிறவர். கார்னிவல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஓர் ஓட்டுக் கூரை, அவ்வளவுதான். வாசிகசாலைக்கு வந்தது மூன்று பேப்பர்: ஈழநாடு, வீரகேசரி, தினகரன். வாசிக்க வருகிறவர்கள் இருபது பேர். ஒரு பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். முன்பக்கத்தில் தொடங்கிய செய்தியின் மிச்சத்துக்காக எதிர் வாங்கில் இருக்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மாரியில் கிடுகு ஒழுகி, மிச்சம் கைக்கு வரும்போது எழுத்து ஊறிப்போயிருக்கும்.

கணக்கு வாத்தியார் ஒருவர் கூட்டத்தில் எழும்பி, "வீட்டுக்கு அஞ்சு ரூபா தண்டினால் அலுவல் முடிஞ்சுது. உதுக்கேன் கார்னிவல்?" என்றார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அரசாங்கம் இறக்குமதியை மறித்திருந்த காலம் அது. மிளகாயும் வெங்காயமும் விற்ற காசு தோட்டக்காரர் மடியில் இருந்தது, பாணுக்குத்தான் கியூ. ஐந்து ரூபா கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். "அதிலை என்ன மாஸ்ரர் சுவை இருக்கு?" என்று செயலாளர் கேட்டதோடு அந்தப் பிரேரணை விழுந்தது.

இந்த வருடச் சூம் கூட்டத்திலும் ஒரு பெண்பிள்ளை, இங்கே பிறந்தவர், கணக்காய்வாளர், அதையே கேட்டார். "அங்கிள், ஆளுக்கு நூறு டொலர் ஈ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணினால் போதும்தானே?" திரையில் இருந்த பதினெட்டுப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. பிள்ளை அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அவரைப் பொருளாளர் ஆக்கிவிட்டோம்.

அன்றைய ஏற்பாடு சுருக்கம். பொலிசிலும் கிராமசபையிலும் அனுமதி, ஒரு லைற் எஞ்சின், ரியூப் லைற் சோடனை, ஸ்பீக்கர் கட்டிய ஏ-40 கார். கார் முன்னே போக, பின்னால் பறக்கும் பச்சை நோட்டீசைப் பொறுக்கிக்கொண்டு பெடியள் ஓடுவார்கள். அனுமதி ரிக்கற் 50 சதம், ஐந்து இரவு. காப்புறுதி என்று பார்த்தால், பிள்ளையாருக்கு உடைத்த ஒரு தேங்காய்.

இந்த வருடம் பூங்காவைத் தருவதற்கு 20 இலட்சம் டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதி கேட்டார்கள். சிறுவர் துள்ளும் காற்றுக் கோட்டைக்கு மாகாண உரிமம் தனி. சாப்பாட்டுக்கு இன்னொரு படிவம்: சூடான உணவு 60 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிர்ந்தது 4 பாகைக்கு மேலே ஏறக்கூடாது. எங்கள் பெரியம்மா கூழ் காய்ச்சியபோது வெப்பமானி அவவின் சுட்டுவிரல். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதில் வார்த்துத் தருவா. இலை சுட்டால் பதம்.

வந்த பரிசோதகர் நல்ல மனிதர். கூழ் அண்டாவுக்குள் எட்டிப்பார்த்து, இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பிலாக்கொட்டை என்று உபதலைவர் ஒப்புவித்தார். கெட்டியாக்குவது எது என்று அடுத்த கேள்வி. ஒடியல் மா. அது என்ன? பனங்கொட்டையைப் புதைத்து, முளைத்த கிழங்கைக் கிண்டி எடுத்து, கிழித்து, வெயிலில் காயவிட்டு, இடித்து, பிறகு கைப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்து... என்று உபதலைவர் ஆங்கிலத்தில் விளக்க விளக்க, பரிசோதகரின் பேனை மெல்லக் கீழே இறங்கியது. கடைசியில் வெப்பமானியை மட்டும் விட்டுப் பார்த்தார். 71. கையெழுத்து வைத்துவிட்டு ஒரு கப் வாங்கிக் குடித்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது சக்கரத்தைப் பற்றி.

1975இல் சூதாட்டக் கடைகளை ஒரு வெளியூர்க் கொந்தராத்துக்காரர் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். உண்மையான வருமானம் அதுதான். வாசல் ரிக்கற் காசு லைற் எஞ்சினுக்கே போய்விட்டது. அவருடைய சக்கரம் ஓராள் உயரம். விளிம்பில் வரிசையாக ஆணி, உச்சியில் ஒரு தோல் நாக்கு. சுழலும்போது கடகடவென்று சத்தம் மதவடி வரை கேட்கும். சுழற்றுகிறவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பத்தில் முழங்காலைச் சாய்த்து நிற்பான். பெரிய காசு வைத்த இலக்கம் கிட்ட வரும்போது அந்த முழங்கால் ஓர் அங்குலம் அசையும். நாக்கு அடுத்த ஆணிக்குத் தாவும். மூன்றாம் இரவு நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். ஓடிப்போய்ச் செயலாளரிடம் சொன்னேன். அவர் சிகரட்டை எறிந்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நீ ஓட்டைப் பாக்கிறியோ, முழங்காலைப் பாக்கிறியோ?"

அந்த முழங்காலால் வாசிகசாலையின் முன்பாதிக்கு ஓடு வந்தது. பின்பாதி கிடுகாகவே இருந்தது. கணக்கு ஒரு சீ.ஆர். கொப்பியில், பென்சிலில். யாரும் கேட்கவில்லை. அந்த ஓடுகள் பிறகு ஷெல்லில் போயின.

இப்போது அதே வாசிகசாலையைத் திருத்தத்தான் ஸ்காபரோவில் கார்னிவல். ஒன்ராறியோவில் நகரசபை உரிமத்தோடு சக்கரம் சுழற்றலாம். ஒரு பந்தயம் 2 டொலருக்கு மேல் போகக்கூடாது. எங்கள் சங்கத்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் இரண்டு கிழமை செலவழித்துச் சக்கரம் செய்தார். நீர்மட்டம் வைத்து, ஒவ்வோர் ஆணியையும் நிறுத்துப் பார்த்து அடித்தார். இவ்வளவு நேர்மையான சக்கரத்தை நான் வாழ்நாளில் கண்டதில்லை. அதைச் சுற்றி ஒரு குஞ்சும் இல்லை. பின்னேரம் முழுக்கப் பொறியியலாளரும் நானும் மாறிமாறிச் சுழற்றிக்கொண்டிருந்தோம்.

உரிமத்தில் இன்னொரு நிபந்தனை இருந்தது. பொருளாளர் பிள்ளைதான் வாசித்துக் கண்டுபிடித்தார். சக்கரத்தில் சேரும் காசை ஒன்ராறியோவில் நடக்கிற தருமத்துக்குத்தான் செலவழிக்கலாம். ஊருக்கு அனுப்ப முடியாது. கள்ளச் சக்கரம் அரைக் கூரை போட்டது. நல்ல சக்கரத்தால் ஓர் ஓடு வாங்க வழியில்லை. சேர்ந்த 86 டொலரையும் இங்குள்ள முதியோர் குழுவுக்குக் கொடுத்தோம், பத்திரிகை வாங்க. இங்கே தமிழ்ப் பத்திரிகைகள் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கின்றன என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஊர் இளைஞர்களிடம் என்ன வேண்டும் என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தோம். விழா முடிந்த மறுநாள் குரல் பதிவு வந்தது. "அண்ணை, பேப்பர் வாசிக்க இஞ்சை ஒருத்தரும் வாறேல்லை. காசு அனுப்பினால் நாங்கள் ஒரு கார்னிவல் வைப்பம்."

வரவு செலவு அறிக்கை, கணக்காய்வு செய்து பதினொரு பக்கத்தில், எல்லோருக்கும் மின்னஞ்சலில் வந்தது. காப்புறுதிக் கட்டணம் 640 டொலர். மிச்சம் 412.

அடுத்த வருட விழாவுக்கான முதல் கூட்டம் வரும் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு. இணைப்பு குழுவில் போடப்படும். பெயர் விஷயம் பேசி முடிந்துவிட்டது. தயவுசெய்து யாரும் அதை மீண்டும் எடுக்க வேண்டாம்.